அருவாமனை அசையாது

"ஏந் தம்பி, எங்க வெட்டு புடிக்கலையா?"

மீன் வெட்டுகிற அக்கா இப்படிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காரைக்குடியில் மீன் மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். என் பைக்குள் ஒண்ணேகால் கிலோ கொடுவா ஒன்று முழுசாகக் கிடந்தது. வழக்கமாக மீனை வாங்கியதும் நேராக அவரிடம் போய் அலுமினியச் சட்டியில் போட்டுவிட்டு, குழம்புக்கா வறுவலுக்கா என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விடுவேன். டீ முடிவதற்குள் மீன் துண்டமாகி, பாலிதீன் பைக்குள் வந்திருக்கும். அன்றைக்குப் பையோடு அவரைத் தாண்டி நடந்தேன். குனிந்த தலை நிமிராமல், கையிலிருந்த சங்கராவின் செதிலை உரித்துக்கொண்டேதான் கேட்டார். "இல்லக்கா, சும்மா வீட்டுல பழகலாமேன்னு" என்று இழுத்தேன். "பழகுங்க, பழகுங்க" என்றார். சிரித்தாரா, குத்தினாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால் முகம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மீனை எடுப்பதற்குள் அவர் மறந்திருப்பார். எனக்குத்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் மீனைத் தின்பதற்குக் குறைவே கிடையாது. வெள்ளி, கார்த்திகை, விரத நாள் போக மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் குழம்பு கொதிக்கும். ஆனால் பச்சை மீனைத் தொட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அப்பத்தா குழம்பு கூட்டினால் தெருமுனை வரைக்கும் வாசம் வரும். ஆனால் மீன் சட்டிக்குள் விழும்வரை அதன்மேல் அவர் விரல் பட்டதில்லை. மீன்காரர் பின்வாசலுக்கு வருவார். இரண்டாங்கட்டின் நிலைப்படியில் நின்றபடியே அப்பத்தா பார்ப்பார். "கண்ணு உள்ள போயிருச்சு, வேண்டாம். செவுளத் தூக்கிக் காட்டு. ம், அதுல ரெண்டு போடு." பதினைந்தடி தூரத்திலிருந்து மீன் பார்க்கத் தெரிந்தவர் அவர். கிணற்றடியில் அதற்கென்று வரும் ஒரு அம்மா உட்கார்ந்து வெட்டுவார். அவர் பெயர் வீட்டில் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த அருவாமனை பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். உள்கட்டு அருவாமனையும் அதுவும் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை.

முள்

நான் கத்தி எடுத்ததற்குக் காரணம் மகள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது பள்ளத்தூரில் ஒரு சொந்தக்கார வீட்டு விருந்தில் கண்மாய்க் கெண்டை போட்டார்கள். கெண்டையைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுமுள்ளை முழுசாக உருவி எறிந்தாலும், எதனோடும் ஒட்டாமல் சதைக்குள் தனியாகக் கிடக்கும் கவட்டை முள் அப்படியே இருக்கும். நமக்கு நாக்கே சல்லடை. பிள்ளைக்கு இன்னும் அது பழகவில்லை. தொண்டையில் ஏறிவிட்டது. ஆளுக்கொரு சோற்று உருண்டையை உருட்டி விழுங்கச் சொன்னார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். கடைசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். முள்ளை எடுத்து பஞ்சில் வைத்துக் காட்டிவிட்டு, உருண்டை கொடுத்து இன்னும் ஆழமாக அழுத்தியிருக்கிறீர்கள் என்று எங்களைக் காய்ச்சி எடுத்தார். நகத்தளவுகூட இல்லாத முள்.

அதோடு மகள் மீனை விட்டாள். செட்டிநாட்டு வீட்டில் பிறந்து மீன் தின்னாத பிள்ளையா என்று ஆத்தாவுக்கு ஆற்றாமை. முள் இல்லாமல் வாங்கலாமே என்று மதுரையில் பெரிய கடையொன்றில் பனிக்கட்டியாக விற்கும் பாசா வாங்கி வந்தேன். வியட்நாமிலிருந்து வரும் கெளுத்தி வகை. முள் இல்லைதான், ருசியும் இல்லை. ஈரப்பஞ்சை மசாலாவில் பிரட்டி வறுத்த மாதிரி இருந்தது. நல்ல கடல் மீனிலேயே முள்ளை நாம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

மீன் வெட்டுகிற அக்காவிடமே "முள்ளெடுத்துக் குடுங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் பெருமைப்படும்படியான பதில் இல்லை. நம்ம ஊரில் மீனை வெட்டுவார்கள், துண்டம் போடுவார்கள். 'ஃபில்லெட்' போடுவது வெளிநாட்டு வித்தை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் போய் விழுந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஜப்பான்காரரும் நார்வேக்காரரும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஆன்லைனில் ஒல்லியாக, வளைந்து கொடுக்கும் கத்தி ஒன்று வாங்கினேன். நம்ம அருவாமனை இரண்டு வாங்கலாம் அந்த விலைக்கு.

ஒரு பக்கம் மீன், மறு பக்கம் புட்டு

அந்தக் கொடுவா பற்றி. வீடியோவில் எல்லாம் சுலபம். செவுள் மூடிக்குப் பின்னால், மார்புச் செட்டையை ஒட்டி, தலைப்பக்கம் சாய்த்து நடுமுள் தட்டுகிறவரை ஒரு வெட்டு. அங்கிருந்து கத்தியைப் படுக்க வைத்து, முதுகோரமாக வால்வரைக்கும் இழுக்க வேண்டும். கத்தி முள்ளை உரசியபடி போனால் சதை முழுசாக வரும். உரசாமல் மேலே ஏறினால் சதை முள்ளோடு நின்றுவிடும். சரியாகப் போகிறதா என்பதைக் காதுதான் சொல்லும். முள்வரிசைமேல் கத்தி ஓடும்போது சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு முதல் நாளே கிடைத்தது, சுமார் நாலு அங்குலத்துக்கு. பிறகு காணாமல் போனது.

கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் என்பதை எந்த நார்வேக்காரரும் சொல்லவில்லை. அவர் வெட்டியது சால்மன். தலையை இடது கையால் அழுத்திப் பிடித்தேன், பெருவிரலில் ஒரு கோடு விழுந்தது. மீன் ரத்தமா என் ரத்தமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. கட்டுப்போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இன்னொன்றும் அவர் சொல்லவில்லை. அவர் சமையலறையும் மீனும் குளிர்ந்து கிடக்கின்றன, சதை இறுகி நிற்கிறது. நான் வெட்டியது சித்திரைக்கு முந்தைய காரைக்குடியில், காற்றாடியையும் நிறுத்திவிட்டு (செதில் பறக்கிறது என்று வீட்டில் சத்தம்). அரை மணி நேரத்தில் மீன் கைக்குள்ளேயே தளர்ந்தது. முதல் பக்கம் எப்படியோ ஒரு பலகைபோல வந்தது. திருப்பிப் போட்ட பக்கம் சுறாப்புட்டுக்கு உதிர்த்த மாதிரி வந்தது.

எடை போட்டுப் பார்த்தேன், வேண்டாத வேலை. 1,250 கிராம் மீனில் முள்ளில்லாத சதை 430 கிராம். கை தேர்ந்தவர் வெட்டினாலும் தலை, குடல், முள் எல்லாம் போக முழு மீனில் பாதி தேறுவதே அபூர்வம். எனக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் ஒரு பேசினில் கிடந்தது. ஆத்தா வந்து எட்டிப் பார்த்தார். தட்டையும் பார்த்தார், பேசினையும் பார்த்தார். "இதுல எதுப்பா மீனு, எது குப்பை?"

பேசினைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தலையிலும் முள்ளிலும் குழம்பு வைத்தார். என் வறுவலைவிட அந்தக் குழம்பு பத்து மடங்கு நன்றாக இருந்தது. தலைக்கறியும் முள்ளில் ஒட்டிய சதையும்தான் ருசி, பழசுதான் பெரிசு என்று இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. மகள் அன்றைக்கு மூன்று துண்டு தின்றாள். என் கணக்கில் அது வெற்றிதான்.

கழுவுவதிலும் ஒரு சண்டை வந்தது. சதையாக எடுத்த பிறகு தண்ணீர் காட்டாதே, துணியால் ஒற்றி எடு என்றது வீடியோ. கல் உப்பு, மஞ்சள், புளித்தண்ணீர் போட்டு ஏழு தடவை அலசு என்றார் ஆத்தா. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடல் மீனின் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருளை, மீன் செத்த பிறகு பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. நாம் கவிச்சி என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் அதைத்தான். புளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பு பட்டால் அது ஆவியாகாமல் கட்டுப்பட்டுவிடும், மூக்குக்கு எட்டாது. படகிலிருந்தே ஐஸில் வரும் மீனுக்கு அது தேவையில்லை. தொண்டியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் கிளம்பி, ஏலம், லாரி, வெயில், டூவீலர் பெட்டி என்று கைமாறி வரும் மீனுக்குத் தேவைப்படும். புளித்தண்ணீரால் வீட்டில் வந்த வேறு பிரச்சினை தரை. எங்கள் பின்கட்டில் ஆத்தங்குடிப் பூக்கல். சிமெண்டில் வார்த்த கல், புளிப்பு பட்டால் அரித்துவிடும். "கல்லுல புளித்தண்ணி விடாதே" என்பது அப்பத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். நான் அதையும் மீறினேன். மூன்று பூ வெளுத்துவிட்டது.

முப்பது ரூபாய்

அதற்குப் பிறகு சில வாரம் முழு மீனாகவே வாங்கினேன். பாறை, விளைமீன், சங்கரா. பாறைக்கு வால்பக்கம் ரம்பம் மாதிரி ஒரு வரிசை உண்டு, அதை முதலில் சீவாவிட்டால் கத்தி திணறும். இதையெல்லாம் ஒவ்வொரு மீனாகக் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். கை கொஞ்சம் தெளிந்தது. ஆனால் மார்க்கெட்டுக்குள் போகும்போது ஒரு காரியம் செய்ய ஆரம்பித்திருந்தேன். அந்த அக்கா உட்காரும் முன்பக்கம் வழியாகப் போகாமல், கருவாட்டுக் கடைப்பக்கம் சுற்றிப் போய், அதே வழியில் திரும்பினேன்.

கிலோவுக்கு முப்பது ரூபாய் வெட்டுக்கூலி. ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் சட்டிகள் வரிசை கட்டி நிற்கும். என் ஒரு கிலோ போனால் அவருக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது. இதை எனக்கு நானே பலதடவை சொல்லிக்கொண்டேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் கருவாட்டுக் கடைப்பக்கமாகத்தான் போனேன்.

பொழுதுபோக்கு என்றால் என்ன என்று அந்த வாரங்களில் யோசித்தேன். அடுத்தவருக்குக் கூலி வேலையாக இருப்பதை நாம் கூலி இல்லாமல் செய்தால் அது பொழுதுபோக்கு. அதற்கு ஒரு கத்தி, ஒரு மரப்பலகை, போட்டோ எடுக்க நல்ல வெளிச்சம். நானும் எடுத்தேன், மறைக்கவில்லை. முதல் நல்ல சதையை வாழையிலையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். "ஆம்பளைங்களும் கத்துக்கணும்" என்று பாராட்டு வந்தது. நாற்பது வருஷம் முன்னால் எங்கள் கிணற்றடியில் அதே வேலையைச் செய்த அம்மாவை வீட்டுக்குள் விட்டதில்லை. மீன் தொட்ட கை என்று சொல்லி, தண்ணீரைக்கூட தூக்கித்தான் ஊற்றினார்கள். இன்றைக்கு அதே கவிச்சி என் கையில் இருந்தால் எனக்குக் கைதட்டு. அப்பத்தா மீனைத் தொடாமல் இருந்ததும் ஒரு வசதிதான், நான் தொடுவதும் ஒரு வசதிதான். இரண்டு வசதிக்கும் நடுவில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவரின் பெயரை நான் இப்போதுதான் ஆத்தாவிடம் கேட்டேன். ஆத்தா வெகுநேரம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

விரால்

ஏப்ரல் 15 வந்தால் நம்ம கரையில் விசைப்படகுக்குத் தடை. முன்பெல்லாம் 45 நாள். 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை. அந்தச் சமயத்தில் நாட்டுப்படகு மீன்தான் கொஞ்சம் வரும், அதுவும் யானை விலை. மற்றபடி மேற்குக்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதைத்தான் நம்ப வேண்டும். கொச்சியில் தொடங்குகிற நெடுஞ்சாலை வந்து முடிவது தொண்டியில் என்பதை நினைத்தால் எனக்கு அந்த இரண்டு மாதமும் சிரிப்பாக இருக்கும். கடல் பக்கத்தில் இருக்க, மீன் மலை ஏறி இறங்கி வரும். ஜூனில் அந்தக் கரையிலும் தடை தொடங்கி, சில நாள் இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கும். ஆனால் கடல் அடைக்கிற அதே சமயத்தில்தான் நம்ம பக்கம் கண்மாய் திறக்கும். தண்ணீர் வற்றி முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா அறிவிப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி என்று மீன் பிடிக்கக் கையில் கிடைத்ததோடு சனம் மொத்தமும் இறங்கும்.

சிங்கம்புணரிப் பக்கம் அப்படியொரு கண்மாயில் இறங்கிய நண்பர், வரும் வழியில் ஒரு வாளியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஈரச்சாக்கைத் தூக்கினேன், உள்ளே இரண்டு விரால், உயிரோடு. விராலுக்குக் காற்றை நேராக இழுக்கத் தெரியும். தண்ணீர் இல்லாவிட்டாலும் ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் கிடக்கும். அவ்வப்போது வாயைத் திறந்து என்னைப் பார்த்தன.

என் ஒல்லிக் கத்தியை எடுத்தேன். பலகைமேல் வைத்தால் நிற்க வேண்டுமே. துணியால் பிடித்தேன், நழுவியது. கழுவுற மீன்ல நழுவுற மீன் என்று ஆட்களைத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உண்மையான மீனை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்று துள்ளி வாளியைத் தாண்டி, வெளுத்த பூக்கல்லைத் தாண்டி, துளசி மாடத்தடியில் போய்க் கிடந்தது. மகள் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினாள். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமலிருந்ததுதான் அதிகம். வாளியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். முன்பக்கமாக.

வேலை நாள் மத்தியானம், கூட்டம் இல்லை. அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "கண்மாய் மீனா? நல்ல உருப்படி." வேறு எதுவும் கேட்கவில்லை, இத்தனை வாரம் எங்கே போனாய் என்றுகூட. நானாகவே சொன்னேன்: "எனக்குச் சொல்லித் தாங்கக்கா." நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்க்கிறேன் என்று நினைக்கிறேன். "வெட்டுக்கூலியக் குடுத்துட்டு நில்லுங்க. பாக்குறதுக்குக் காசு இல்ல."

இரண்டு மீனுக்கும் கூலியைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

பக்கத்து டீக்கடை விறகடுப்பிலிருந்து ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சாம்பல் வந்தது. விராலைச் சாம்பலில் ஒரு பிரட்டு. அவ்வளவுதான், துள்ளிய மீன் சொரசொரவென்று கையில் நின்றது. மனைக்கட்டையால் உச்சந்தலையில் ஒரே போடு. பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். நான் அதுவரை ஆயிரம் தடவை பார்த்தும் பார்க்காத விஷயம் அது. அவர் ஒரு காலை மடக்கி மனைப்பலகையை மிதித்து உட்கார்ந்திருந்தார். அருவா அவருக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிறது, இம்மி அசையவில்லை. இரண்டு கையும் மீன்மேல் இருக்கிறது. நானும் என் நார்வேக்காரரும் ஒரு கையில் மீனைப் பிடித்து, மறு கையால் கத்தியை ஓட்டுகிறோம். மீன் நழுவாமலிருக்க ஒற்றைக் கைதான் பொறுப்பு. இங்கே இரண்டு கையும் மீனுக்கு. மீன்தான் அருவாவிடம் போகிறது, வருகிறது, திரும்புகிறது. செட்டையை அருவா முனையில் கொக்கிபோல மாட்டி ஓர் இழுப்பு, வேரோடு வந்தது. சோடா மூடிகளை வரிசையாக ஆணியடித்த கட்டையால் வாலிலிருந்து தலைக்குச் சுரண்டியதில் செதில் மழை. வயிற்றை நுனியில் ஒரு நூல் கீறல்.

"இங்க பாருங்க. இது பித்து." குடலோடு ஒட்டி, பச்சைப் பாசிமணி மாதிரி ஒரு சின்னப் பை. பெருவிரலும் சுட்டுவிரலும் அதன் மேல்பக்கம் கிள்ளி, அழுத்தாமல், முழுசாக எடுத்தார். "இது ஒடைஞ்சா மீன நாயிகூடத் திங்காது." முந்தைய மாதம் ஒரு பாறை மீனில் அதை உடைத்து, ஏன் குழம்பு கசக்கிறது என்று புளியை மாற்றி மாற்றிப் பார்த்த கதையை நான் சொல்லவில்லை. இந்தப் பித்தை மருந்தென்று பச்சையாக விழுங்குகிறவர்களும் உண்டு. ரோகு மாதிரிக் கெண்டை இனத்தின் பித்து சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று பின்னால் படித்தேன்.

நடுமுள்ளின் அடியில் கறுத்து உறைந்த ரத்தக் கோட்டை நகத்தால் வழித்தெடுத்தார். "கவிச்சி பாதி இங்கதான் இருக்கு. இத விட்டுட்டு ஊருபட்ட புளி கரைச்சு என்ன செய்ய?" பிறகு என்னைக் கேட்டார்: "துண்டமா, பாப்பாவுக்குச் சதையா?"

எனக்குப் புரியவில்லை. "சதையான்னா?"

"முள்ளெடுத்துத்தான். சின்னப் பிள்ள, காச்சக்காரவுக, வயசானவுக கேட்டா எடுத்துக் குடுப்போம். விராலுக்கு உள்முள்ளு கெடையாதுல்ல." சொல்லிக்கொண்டே, வால் பக்கம் மீனை அருவாவில் செருகி, இரண்டு கையாலும் தன்னைவிட்டு முன்னால் தள்ளினார். சீப்பை நகத்தால் வருடும் அந்தச் சத்தம் வாலில் தொடங்கித் தலைவரைக்கும் ஒரே மூச்சாக வந்தது. திருப்பிப் பிடித்து இன்னொரு தள்ளு. இரண்டு சதை, நடுவில் சுத்தமான முள். கையெழுத்துப் போடுகிற நேரம்தான் ஆயிருக்கும். ராத்திரி ராத்திரியாக ஆறு மாதம் கடல்கடந்து போய் நான் தேடியது, டீக்கடைக்கு எதிரில் 'சதை எடுக்கிறது' என்ற பெயரில் இத்தனை காலமும் நடந்திருக்கிறது. நான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்தத நீங்க எடுங்க" என்று எழுந்துகொண்டார்.

உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, அது முதல் சிரிப்பு. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். பழக்கத்தில் என் வலது கை கத்தியைத் தேடியது. மீனை அருவாவில் வைத்ததும் பயத்தில் உடம்பை அருவாவிடம் கொண்டுபோனேன். தோள் முன்னால் சாய்ந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நீங்க ஏன் போறீக? அருவா எங்கயும் போயிறாது தம்பி. மீனுதான் போயிறும். மீனப் பாருங்க." பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது, கொஞ்சம் முள்ளோடும் கொஞ்சம் தோலோடும். மறு பக்கத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

கைமாற்று

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். நான் இன்னொரு தப்பு செய்தேன். அடுத்த ஞாயிறு இரண்டு கிலோ பாறை வாங்கினேன். வீட்டில் நானே வெட்ட ஆசை. ஆனால் அவரைத் தாண்டிப் போகவும் கூச்சம். அதனால் அவர் முன்னால் நின்று, "இத நானே வெட்டிக்கிறேங்க்கா, நீங்க இத வச்சுக்கங்க" என்று வெட்டுக்கூலி அறுபது ரூபாயை நீட்டினேன். என் மனசுக்குள் அதற்கு முன்தினம் ராத்திரியே ஒத்திகை பார்த்திருந்தேன், நல்ல ஏற்பாடு என்று தோன்றியது.

அவர் ரூபாயைப் பார்த்தார். கை நின்றுவிட்டது, அவர் கை நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வெட்டாத மீனுக்கு எதுக்குத் தம்பி காசு? நான் என்ன கை நீட்டியா ஒக்காந்திருக்கேன்?" குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் சட்டியோடு நின்ற பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காசை மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பாறை அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை.

இதற்குச் சரியான வழி எது என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. வெட்டக் கற்றுக்கொண்டது தப்பென்று நினைக்கவில்லை. மீனைத் தெரிந்துகொண்டேன், செவுளின் சிவப்புக்கும் சாயம்போன சிவப்புக்கும் வித்தியாசம் தெரிகிறது, சதையை அழுத்தினால் குழி எழும்புகிறதா என்று விரல் சொல்கிறது. மீன்காரர் என்னை ஏமாற்றுவதில் பாதி குறைந்திருக்கிறது. மகள் இப்போது சங்கரா தலையைச் சப்பித் துப்புகிறாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தும்போது, இன்றைக்கு முன்பக்கமா, கருவாட்டுக் கடைப்பக்கமா என்று ஒரு கணம் கால் தயங்கத்தான் செய்கிறது. இப்போதைக்கு ஒரு வழக்கம் படிந்திருக்கிறது. சாதாரண நாள் அவரிடமே போடுகிறேன், டீக்குப் போகாமல் பக்கத்தில் நிற்கிறேன். எப்போதாவது ஒரு மீனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இதை அவரும் நானும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. அவர் இடத்தில் ஓர் இளைஞர், பிளாஸ்டிக் பலகை, பெரிய வெட்டுக்கத்தி, வேகமான கை. என் வீடியோக்காரர்களைப் போலவே வெட்டினார், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஏனோ அவரிடம் போடத் தோன்றாமல் ஒரு கொடுவாவை முழுசாக எடுத்துக்கொண்டு வந்தேன். பின்சுவர் ஆணியிலிருந்து அந்தப் பழைய அருவாமனையை இறக்கினேன். எத்தனை வருஷத் துரு. புளியும் செங்கல் தூளும் எடுத்து உட்காரும்போதே உள்ளேயிருந்து ஆத்தா குரல்: "கல்லுல வச்சுத் தேய்க்காதே! மண்ணுக்குப் போ!" கிணற்றடிக்குத் தூக்கிப்போய் மண்ணில் வைத்துத் தேய்த்தேன். பலகையில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தது, பாதம் மிதித்து மிதித்து. என் பாதத்துக்கு அந்தக் குழி சிறிசு.

மறுவாரம் அக்கா வந்திருந்தார். பேத்திக்குக் காதுகுத்து, ஊருக்குப் போயிருந்தாராம். என் பெருவிரல் கட்டைப் பார்த்தார்.

"கொடுவாவா?"

"ஆமாக்கா."

"செவுள் மூடி?"

"ம்."

"அத மொதல்ல எடுத்துரணும்னு சொல்லலையா நான்?" சொல்லவில்லை, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது விரால். "சொன்னீக, நாந்தான் மறந்துட்டேன்" என்றேன்.

சட்டியை நீட்டினார். "போடுங்க. முன்னாடி நாலு பேரு இருக்காக, அரை மணி ஆகும். வேணும்னா டீயக் குடிச்சிட்டு வாங்க."